மத்தியதரைக் கடலில் எட்டு நாட்கள்: மால்ட்டாப் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி?

தில்லிக்கு வந்து நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. இந்த நாற்பது ஆண்டுகளில் ‘லீவு’ என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் ஒரே பொருள்தான் இருந்தது: ஊருக்குப் போவது. கல்யாணம், வளைகாப்பு, கருமாதி, குலதெய்வத்துக்குப் பொங்கல் என்று ஏதாவது ஒரு காரணம் வந்துவிடும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ ஜி.டி.யிலோ இரண்டு இரவுகள். திரும்பி வரும்போது மூட்டை மூட்டையாய்ப் புளி, வடகம், அப்பளம். எல்.டி.சி.யில் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் போய்வரலாம் என்று அரசாங்கமே அனுமதித்தபோதும், ‘சொந்த ஊர்’ என்ற கட்டத்திலேயே டிக் போட்டவன் நான். நம் சங்க அன்பர்களில் பெரும்பாலோர் கதையும் இதுவாகத்தான் இருக்கும்.

2021-இல் என் தாயார் காலமானார். 2023-இல் அண்ணன் தம்பிகள் கூடிப் பேசி ஊர் வீட்டை விற்றோம். பத்திரப்பதிவு முடிந்து தில்லி திரும்பிய அன்று இரவு என் மனைவி கேட்டாள்: “ஏங்க, இனிமே கிளம்பிப் போறதுன்னா நாம எங்க போறது?” எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் எங்கள் சமையலறைச் சுவரிலேயே இருந்தது. எப்போதோ யாரோ கொடுத்த காலண்டரின் ஒரே ஒரு தாளை மட்டும் என் மனைவி பல ஆண்டுகளாகக் கிழிக்காமல் மாட்டி வைத்திருந்தாள். கடலுக்குள் பாறையால் ஆன ஒரு பெரிய வாசல். அதன் வழியே நீல வானம். அடியில் மால்ட்டா என்று அச்சிட்டிருந்தது. “இங்க போலாமா?” என்றேன். சிரித்தாள். பிறகு, “நிஜமாவா?” என்றாள்.

அப்படித் தொடங்கிய ஏற்பாடு முடிந்து, 2025 ஏப்ரல் கடைசியில் நாங்கள் போய்வந்தோம். அதன்பின் சங்கத்தில் சந்திக்கும் நண்பர்கள் பலரும் “எப்படிப் போனீர்கள், என்ன செலவு, விசா கிடைக்குமா, சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?” என்று கேட்டவண்ணம் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட மலரில் எழுதிவிடலாமே என்று மலர்க்குழுவினர் சொன்னதன் விளைவு இக்கட்டுரை.

திட்டமிடுதல் என்றதும் நமக்கு வள்ளுவர் நினைவுக்கு வராமல் இருப்பாரா? பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். அரசன் படையெடுப்பதற்குச் சொன்னவை என்றாலும், ஓய்வூதியக்காரன் விமானம் ஏறுவதற்கும் அவை அப்படியே பொருந்துகின்றன. அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

தெரிந்துசெயல்வகை: அது எப்படிப்பட்ட நாடு?

மால்ட்டா என்பது இத்தாலியின் சிசிலித் தீவுக்குத் தெற்கே உள்ள ஒரு சிறு தீவுக்கூட்டம். மக்கள் வாழும் பெரிய தீவுகள் இரண்டு: மால்ட்டா, கோசோ. இடையில் கொமினோ என்ற குட்டித் தீவு. எல்லாம் சேர்த்தே 316 சதுர கிலோமீட்டர்தான். தில்லி மாநிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்பவர்கள் 5,19,562 பேர்.

இந்தச் சிறு இடத்துக்கு இத்தனை வரலாறா என்று வியப்பாக இருக்கும். கடலின் நடுவே நல்ல துறைமுகம் அமைந்துவிட்டதால், மத்தியதரைக் கடலை ஆள நினைத்தவர்கள் எல்லோரும் இதைப் பிடிக்க நினைத்தார்கள். பினீசியர், கார்த்தேஜினர், ரோமானியர் வந்தார்கள். 870-இல் அரபியர் கைப்பற்றினர். பின்னர் நார்மானியர். 1530-இல் ஐந்தாம் சார்லஸ் மன்னர் இத்தீவுகளைப் புனித யோவான் சபை வீரர்களுக்கு அளித்தார். ஆண்டு வாடகை ஒரே ஒரு வல்லூறு! 1565-இல் துருக்கியப் பேரரசின் பெரும்படை மே முதல் செப்டம்பர் வரை முற்றுகையிட்டும் தீவு வீழவில்லை. அந்த வெற்றிக்குப் பின் 1566-இல் அடிக்கல் நாட்டிக் கட்டிய நகரமே இன்றைய தலைநகர் வாலெட்டா. சபைத் தலைவர் லா வாலெட்டின் பெயரையே அது தாங்கி நிற்கிறது. 1798-இல் நெப்போலியன் வந்தார். 1800-இல் ஆங்கிலேயர் வந்தனர். 1964 செப்டம்பர் 21 அன்று நாடு விடுதலை பெற்றது. 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. 2008 முதல் நாணயம் யூரோ.

நம் நாட்டுக்கும் இத்தீவுக்கும் தொடர்பு உண்டு. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின், இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே ஓடிய கப்பல்கள் மால்ட்டாவில் நின்று நிலக்கரி ஏற்றிச் சென்றன. 1888-இல் சட்டம் படிக்க லண்டன் போன காந்தியும் வழியில் மால்ட்டாவில் இறங்கி ஊர் சுற்றிப் பார்த்தார். தம் நாட்குறிப்பில் அங்குள்ள தேவாலயத்தையும் ஆயுத சாலையையும் பற்றி எழுதியுள்ளார். அதற்குப் பத்தாண்டு முன்னர், 1878-இல், ரஷ்யாவை அச்சுறுத்த வேண்டிப் பிரிட்டிஷ் பிரதமர் டிஸ்ரேலி இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 7,000 படைவீரர்களை மால்ட்டாவுக்கு வரவழைத்தார். அவர்களில் சென்னைப் படைப்பிரிவினரும் இருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. ஆகவே, மால்ட்டாவில் தமிழ்ப் பேச்சு ஒலித்தது இன்று நேற்றல்ல. நமக்கு முன்பே யாரோ ஒரு சிப்பாய் அந்தக் கடலைப் பார்த்து ஊரை நினைத்திருப்பான்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மால்ட்டீஸ் மொழி அரபியிலிருந்து கிளைத்தது. ஆனால் எழுதுவது ரோமன் எழுத்தில். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளில் செமிட்டிக் குடும்பத்தைச் சேர்ந்தது இது ஒன்றே. இத்தாலியச் சொற்கள் ஏராளமாகக் கலந்திருக்கின்றன. தில்லியில் வாழும் நமக்கு இதில் ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. புத்தகம் அவர்களுக்கு ‘க்டீப்’ (நம் பக்கத்து வீட்டு கிதாப்), உலகம் ‘தின்யா’ (துனியா), வெள்ளிக்கிழமை ‘ஜிம்ஆ’ (ஜும்மா). கத்தோலிக்கரான அவர்கள் கடவுளை ‘அல்லா’ என்றே அழைக்கிறார்கள். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் ‘ரண்டான்’. மொழிக்கு மதம் கிடையாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆங்கிலமும் ஆட்சிமொழிதான். எனவே வழி கேட்கவோ பேரம் பேசவோ ஒரு சிரமமும் இல்லை. வண்டிகள் நம்மூர் போலவே சாலையின் இடப்பக்கம் ஓடுகின்றன என்பது கூடுதல் ஆறுதல்; தெருவைக் கடக்கும்போது கழுத்தை எதிர்ப்பக்கம் திருப்பிப் பழக வேண்டியதில்லை.

வலியறிதல்: பணம், உடம்பு, விசா

வலியறிதல் என்றால் வினையின் வலிமை, தன் வலிமை முதலியவற்றை எடை போடுவது. என் வலிமையை எடைபோட்டதில் கையில் இருந்தது ஒரு ஓய்வூதியமும் என் மனைவியின் இரண்டு முழங்கால் வலியும்.

பணத்தைப் பற்றி: இந்தியாவிலிருந்து நேர் விமானம் கிடையாது. துபாய், இஸ்தான்புல், ரோம், ஃபிராங்க்ஃபர்ட் போன்ற ஏதாவது ஓர் ஊரில் மாற வேண்டும். விமானம், தங்குமிடம், சாப்பாடு, பஸ், விசா எல்லாம் சேர்த்து எங்கள் இருவருக்கும் ஏறத்தாழ மூன்றரை லட்சம் ரூபாய் ஆயிற்று. அதில் ஒரு பகுதி வீண் செலவு. அதை ஏன் கேட்கிறீர்கள்! அது விசாக் கதை.

மால்ட்டா ஷெங்கன் உடன்பாட்டு நாடு. அதன் தூதரகம் புது தில்லியில் இருக்கிறது; விண்ணப்பத்தை விசா மையத்தில் நேரில் கொடுத்துக் கைரேகை பதிய வேண்டும். பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குள் வந்து நின்றால் வாங்கமாட்டார்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ (2024 ஜூன் முதல்). மையத்தின் சேவைக் கட்டணம் தனி. ஊர் திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம்.

நான் முதலில் 2024 அக்டோபரில் போகத் திட்டமிட்டேன். ‘எல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார்’ என்று சொன்ன ஒரு பயண முகவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணத்தை ஆராய்ந்தால், காப்பீடு நாங்கள் தீவை விட்டுக் கிளம்பும் நாளுக்கு முந்தின நாளோடு முடிந்திருந்தது. ஓட்டல் முன்பதிவிலும் ஓர் இரவு விடுபட்டிருந்தது. ஒரே ஒரு நாள்! கட்டணம் திரும்பி வரவில்லை. இதில் இன்னொரு கூத்து: அவர்கள் தந்த வழவழப்பான நிரலில் மூன்றாம் நாள், ‘அஸ்யூர் விண்டோ என்னும் உலகப்புகழ் பாறை வாசலைக் காணுதல்’ என்று இருந்தது. எங்கள் காலண்டர் படம் அதுதான். விவரம் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, அந்த வாசல் 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து கடலுக்குள் விழுந்துவிட்டது என்று. இல்லாத இடத்துக்கு எங்களை அழைத்துப்போக இருந்தார்கள்.

இதை மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தயங்கினேன். சொன்னேன். காலண்டரைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “விழுந்தா என்னங்க? கடல் அங்கதானே இருக்கு. நீங்களே உக்காந்து எழுதுங்க” என்றாள்.

நானே எழுதினேன். முப்பத்தைந்து ஆண்டு கோப்பு பார்த்தவனுக்கு ஒரு விண்ணப்பம் எழுத வராதா? நான் கற்றுக்கொண்டவை இவைதாம்.

ஒன்று: விமானச் சீட்டு, ஓட்டல், காப்பீடு மூன்றின் தேதிகளும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும், காப்பீட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு நாள் கூட்டிப் போடுங்கள்.

இரண்டு: எந்த நாளில் எந்த ஊரில் இருப்போம் என்று ஒரு பக்கத்தில் அட்டவணை தருக.

மூன்று: வங்கிக் கணக்கு விவரத்தில் திடீரென்று பெருந்தொகை போட்டுக் காட்டாதீர்கள், மாதாமாதம் வரும் ஓய்வூதியமே நல்ல சாட்சி. வருமானவரிக் கணக்கையும் ஓய்வூதிய ஆணையையும் இணைத்தேன்.

நான்கு: முன்பு நிராகரிக்கப்பட்டதை மறைக்க வேண்டாம். என்ன தவறு நேர்ந்தது, எப்படித் திருத்தினோம் என்று கடிதத்தில் இரண்டு வரி எழுதினேன்.

ஐந்து: ஒன்றுக்கு மேற்பட்ட ஷெங்கன் நாடுகளுக்குப் போவதானால், அதிக நாள் தங்கும் நாட்டிடமே விசா கேட்க வேண்டும்.

இம்முறை இரண்டே வாரத்தில் விசா வந்தது.

ரோம் அல்லது ஃபிராங்க்ஃபர்ட்டில் விமானம் மாறினால் குடிவரவுச் சோதனை அங்கேயே முடிந்துவிடும். துபாய் வழி போனால் அது மால்ட்டாவில் நடக்கும். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் பாஸ்போர்ட் முத்திரைக்குப் பதிலாகக் கைரேகையும் முகப்படமும் பதியும் கணினி முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். எனவே விமானம் மாற இரண்டு மணி நேரம் போதும் என்று நினைக்காமல் மூன்று, நான்கு மணி வைத்துக்கொள்வது நல்லது.

காலமறிதல்: எப்போது போவது, எத்தனை நாள்?

ஜூலை, ஆகஸ்டில் வெயில் முப்பது டிகிரிக்கு மேல். தில்லி வெயிலைப் பார்த்த நமக்கு அது பெரிதில்லை என்று தோன்றும். ஆனால் கூட்டமும் விலையும் அப்போதுதான் உச்சம். டிசம்பர், ஜனவரியில் குளிர் மிதம். ஆனால் மழையும் காற்றும் இருக்கும், கோசோ போகும் படகு அலையில் ஆடும். ஏப்ரல், மே இரண்டும் செப்டம்பர் கடைசி, அக்டோபரும் நம்மைப் போன்றவர்களுக்கு ஏற்ற காலம். வசந்தத்தில் வயல்களும் பாறை இடுக்குகளும் காட்டுப் பூக்களால் நிறைந்திருக்கும். கடலில் குளிக்க வேண்டும் என்பவர்கள் அக்டோபரைத் தேர்ந்தெடுங்கள். கோடையெல்லாம் சூடேறிய நீர் அப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். மே மாதத் தண்ணீர் எனக்குக் கணுக்கால் வரைக்குமே போதும் என்று தோன்றியது.

நாடு சிறிதாயிற்றே, மூன்று நாள் போதாதா என்பார்கள். சாலை நெரிசலையும், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு நாளைக்கு ஓர் இடம், பிற்பகலில் ஓய்வு என்று வைத்தால் எட்டு நாள் சரியாக இருக்கும். ஐந்து நாள் மால்ட்டா, மூன்று நாள் கோசோ என்பது எங்கள் பங்கீடு.

இடனறிதல்: எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது?

ஸ்லீமா, செயின்ட் ஜூலியன்ஸ் பகுதிகளில் ஓட்டல்கள் மிகுதி. இரவு வாழ்க்கையின் சத்தமும் மிகுதி. மெல்லீஹா பக்கம் மணல் கடற்கரை உண்டு, தலைநகரிலிருந்து தூரம். நாங்கள் வாலெட்டாவை ஒட்டியே அறை எடுத்தோம். காரணம், தீவின் பெரும்பாலான பஸ்கள் வாலெட்டாவின் நகரவாயிலுக்கு வெளியே உள்ள நிலையத்தில்தான் புறப்படுகின்றன. உட்கார இடம் கிடைக்கும். முழங்கால் வலிக்காரர்களுக்கு இது பெரிய விஷயம்.

வாலெட்டாவின் தெருக்கள் பல படிக்கட்டுகளாகவே இருக்கின்றன. ஆங்கிலக் கவிஞர் பைரன் இப்படிக்கட்டுகளைச் சபித்தே பாடியிருக்கிறார். நல்லவேளையாக, துறைமுகத்திலிருந்து மேல் பரக்கா தோட்டத்துக்குச் செல்ல 58 மீட்டர் உயர மின்தூக்கியை 2012-இல் அமைத்தார்கள். மேலே நின்றால் பெருந்துறைமுகம் முழுதும் கண்ணுக்குள் அடங்கும். இரண்டாம் உலகப்போரில் குண்டு மழை பொழிந்த இடம் அது. தாக்குப்பிடித்த தீவு மக்கள் அனைவருக்குமாக 1942-இல் பிரிட்டிஷ் மன்னர் ஜார்ஜ் சிலுவை விருதை வழங்கினார். அந்தச் சிலுவை அவர்கள் கொடியில் இன்றும் இருக்கிறது.

புனித யோவான் இணைப் பேராலயம் வெளியே கோட்டை போல் மொட்டையாய், உள்ளே தங்கமாய் மின்னுவது. தரை முழுதும் வீரர்களின் பல வண்ணப் பளிங்குக் கல்லறைகள். கூர்குதிச் செருப்புக்கு அனுமதியில்லை. இங்கேதான் கரவாஜியோ 1608-இல் வரைந்த ‘யோவானின் சிரச்சேதம்’ இருக்கிறது. அவர் கையொப்பமிட்ட ஒரே ஓவியம். சிந்திய இரத்தத்தின் அடியிலேயே தம் பெயரை எழுதியிருக்கிறார். அதன் முன்னால் கால்மணி நேரமாவது உட்காருங்கள்.

திட்டமிடாமல் போனால் கிடைக்காத ஒன்று, பாவ்லா ஊரிலுள்ள ஹால் சஃப்ளீனி நிலத்தடிக் கல்லறைக் கோயில். 1902-இல் வீடு கட்டத் தோண்டியவர்கள் தற்செயலாகக் கண்டது. பாறையை மூன்று அடுக்காகக் குடைந்திருக்கிறார்கள். ஏறத்தாழ 7,000 பேரின் எலும்புகள் இங்கே புதைந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. கூரையில் செங்காவியால் தீட்டிய சுருள் கோலங்கள் ஐயாயிரம் ஆண்டு தாங்கி நிற்கின்றன. நம் மூச்சின் ஈரமும் கரியமில வாயுவும் அவற்றை அழிக்கும் என்பதால் நாளொன்றுக்கு 80 பேருக்கே அனுமதி. பல வாரம் முன்பே டிக்கெட் தீர்ந்துவிடும். என் அறிவுரை: விசா வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை இது. என் மனைவி ஒவ்வொரு படியாக இறங்கி வெளியே வந்தபின், “நம்ம ஓவியத்தையெல்லாம் எப்ப இப்படிப் பாத்துப்பாங்க?” என்று கேட்டாள்.

ஹஜார் இம், ம்னைட்ரா கோயில்கள் கடலை நோக்கிய குன்றின் மேல் நிற்கின்றன. சம இரவுபகல் நாட்களில் உதிக்கும் சூரியனின் கதிர் ம்னைட்ராவின் வாசல் வழியே நேராக உள்ளே விழுமாறு கட்டியிருக்கிறார்கள். சுண்ணாம்புக்கல் மழையிலும் உப்புக்காற்றிலும் கரைவதால் 2009 முதல் பெரிய கூடாரத்தால் மூடிக் காக்கிறார்கள். கோசோவிலுள்ள ஜகன்டீயா கோயில் இன்னும் பழையது. கி.மு. 3600 அளவில் தொடங்கியது; கீசாவின் பிரமிடுகளுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு மூத்தது.

கோசோவுக்குச் சிர்கெவ்வாத் துறையிலிருந்து 25 நிமிடப் படகுப் பயணம். போகும்போது யாரும் காசு கேட்கமாட்டார்கள், திரும்பும்போதுதான் டிக்கெட். உள்ளே விட்டவனை வெளியே விடக் கட்டணம் வாங்குவது நல்ல தந்திரம்! மார்சஷ்லோக் மீன்பிடித் துறையும், ‘மௌன நகரம்’ எனப்படும் பழைய தலைநகர் ம்தீனாவும் தவறவிடக் கூடாதவை. படகுகளின் முகப்பில் ஒரு ஜோடிக் கண்கள் வரைந்திருப்பார்கள். கடலில் வழி தவறாமல் இருக்க என்பது நம்பிக்கை.

சாப்பாடு

தேசிய உணவு முயல் கறிக் குழம்பு. சைவர்கள் பயப்பட வேண்டாம். ‘பஸ்டிட்ஸி’ என்பது நம் பஃப் போன்றது. பட்டாணி வைத்ததும் பால்கட்டி வைத்ததும் எல்லாத் தெருமுனையிலும் கிடைக்கும். மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம் என்பதால் கேட்டு வாங்குங்கள். மொச்சை வகைப் பயறு அரைத்த ‘பிகில்லா’, ரொட்டியில் தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் வைத்த ‘ஃப்டீரா’ (சூரை மீன் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்), பேரீச்சம்பழப் பூரணம் வைத்துப் பொரித்த ‘இம்ஆரெட்’ எல்லாம் நம் நாக்குக்கு உடன்படும். ஊரிலிருந்து நெய், பால்கோவா கொண்டுபோகாதீர்கள். வெளிநாட்டுப் பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தடை. புளிக்காய்ச்சலுக்குத் தடையில்லை. மின்செருகி ஆங்கிலேயர் பாணி மூன்று சதுர முனை. மாற்றி ஒன்று வாங்கிச் செல்லுங்கள்.

விருந்தினர் கடமை

விருந்தோம்பலுக்கு அதிகாரம் வகுத்த வள்ளுவர் விருந்தாளிக்கென்று தனி அதிகாரம் வைக்கவில்லை. மால்ட்டாவில் அதன் தேவை புரிந்தது.

அந்நாட்டில் ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது, ஏரியும் இல்லை. ஆண்டு மழை ஏறத்தாழ 550 மில்லிமீட்டர். சபை வீரர்கள் 1615-இல் மேட்டுநிலத்து ஊற்றுகளிலிருந்து வாலெட்டா வரை கல்வாய்க்கால் கட்டி நீர் கொண்டுவந்தனர். ஒவ்வொரு வீட்டுக்கடியிலும் மழைநீர்த் தொட்டி இருக்க வேண்டும் என்று விதித்தனர். இன்றோ குழாயில் வரும் நீரில் பாதிக்கு மேல் கடல்நீரைச் சவ்வூடு அழுத்தி உப்பு நீக்கியது. அதாவது, நாம் அறையில் திறந்துவிடும் ஒவ்வொரு வாளித் தண்ணீரும் மின்சாரம் செலவழித்துச் செய்த தண்ணீர். 2021 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ ஐந்தே கால் லட்சம் பேர் வாழ்ந்த அந்நாட்டுக்கு 2024-இல் வந்த சுற்றுலாப் பயணிகள் 35 லட்சத்துக்கும் மேல். ஒவ்வொரு குடிமகனுக்கும் ஏறத்தாழ ஏழு விருந்தாளிகள்!

கொமினோவின் நீலக் கடற்கழி, ப்ளூ லகூன், இதனால் மிகவும் நொந்துபோயிற்று. மிதிபட்டுச் செடிகள் அழிந்தன; குப்பை மலிந்தது. 2025 மே முதல் நேரம் குறித்து முன்பதிவு செய்து வருபவர்களையே அனுமதிக்கிறார்கள். நாங்கள் அங்கே இறங்கவில்லை. கோசோப் படகிலிருந்து அந்தத் தீவைப் பார்த்ததோடு சரி. அழகில் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

கடைசியாக ஒன்று. ஒரு மாலை வாலெட்டா பஸ் நிலையத்தில் நானும் மனைவியும் பேசிக்கொண்டிருந்தோம். புறப்படக் காத்திருந்த பஸ்ஸின் ஓட்டுநர் எட்டிப் பார்த்து, “அம்மா, நீங்க தமிழா?” என்றார். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். 2021 கணக்கெடுப்பில் அங்குள்ள வெளிநாட்டவரில் இத்தாலியர், பிரித்தானியருக்கு அடுத்தபடி இந்தியர்தான் அதிகம் என்று படித்திருந்தேன். நேரில் பார்த்தது அப்போதுதான். ஒரே அறையில் நான்கு பேர் தங்கியிருப்பதாகச் சொன்னார். வாடகை அப்படி.

“நாலு வருஷமா இருக்கியே தம்பி, தீவெல்லாம் சுத்திப் பாத்தியா?” என்றாள் என் மனைவி.

“எங்கம்மா! பஸ் போற வழியெல்லாம் பாத்திருக்கேன். லீவு கிடைச்சா ஊருக்குத்தான் ஓடுவேன். அம்மா தனியா இருக்காங்க.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவி பையிலிருந்த புளிக்காய்ச்சல் பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். “ஊருக்குப் போறதை விட்டுடாத. ஆனா ஒரு நாளு படகு ஏறி அந்தப் பக்கமும் போயிட்டு வா, என்ன?” என்றாள். அவர் தலையாட்டிவிட்டு நேரமாயிற்று என்று வண்டியைக் கிளப்பினார்.

மறுநாள் கோசோவின் ட்வேரா கடற்கரைக்குப் போனோம். காலண்டரில் இருந்த வாசல் நின்ற இடம். இப்போது அங்கே வெறும் கடலும் வானமும். என் மனைவி ஒரு பாறை மேல் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். எழுந்தபோது முழங்காலைத் தடவிக்கொண்டு, “அடுத்த வருஷம் எங்கங்க?” என்றாள்.

ஊருக்கே போய்வந்துகொண்டிருக்கும் அன்பர்கள் போய்வந்துகொண்டே இருங்கள். அது தீரும் காலம் தானே வரும். ஆனால் அதோடு, முழங்கால் ஒத்துழைக்கும்போதே ஒரு முறை, யாருடைய கல்யாணமும் கருமாதியும் இல்லாத ஓர் ஊருக்கு, வீட்டுக்காரரோ வீட்டுக்காரியோ துணையாக, எட்டு நாள் போய்வாருங்கள். விண்ணப்பத்தை மட்டும் நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள்.